ராணி போட்ட வேஷம்! நெசவாளி வயிறு நிறைந்ததா?

ஆட்டமும் நாடகமுமாக வாழ்ந்த அரண்மனை ஜோடி - 18-வது நாளில் துப்பாக்கிச் சூடு - கணவர் இறந்ததும் கொட்டகைப் பக்கமே போகாத விக்டோரியா

லண்டன் பக்கிங்காம் அரண்மனையில் 1842-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி இரவு ஒரு வேடிக்கை நடந்தது.

நாட்டை ஆளும் ராணி, அன்று ஒரு ராத்திரி மட்டும் ராஜாவின் மனைவியாக வேஷம் போட்டார். ராஜா பட்டமே இல்லாத அவருடைய கணவர், ராஜா வேஷத்தில் கிரீடத்துடன் வந்து நின்றார்.

அந்த ராணி, விக்டோரியா. கணவர், ஜெர்மனியில் இருந்து வந்த இளவரசர் ஆல்பர்ட். இருவருக்கும் வயது 22.

விருந்தாளிகள் 2 ஆயிரம் பேருக்கும் மேல். பிரபுக்கள், மந்திரிகள், தளபதிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் பழைய காலத்து உடையில் வந்து குவிந்தார்கள்.

எதற்கு இந்தக் கூத்து? பட்டினி கிடக்கும் பட்டு நெசவாளிகளுக்கு வேலை கிடைக்கட்டும் என்றுதான் இந்த நடன விருந்து என்று சொல்லப்பட்டது.

வேலை கிடைத்ததா? கிடைத்தது. நிலைத்ததா? அதுதான் கேள்வி.

தாய்மாமன் மகன்

ஆல்பர்ட் வேறு யாரும் இல்லை. விக்டோரியாவின் சொந்தத் தாய்மாமன் மகன்தான். நம் வழக்கப்படி சொன்னால் முறை மாப்பிள்ளை.

ஆனால் ராணியிடம் போய் யாரும் பெண் கேட்க முடியாது. அதனால் 1839-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி, விண்ட்சர் கோட்டையில் விக்டோரியாவே ஆல்பர்ட்டிடம் வாய் திறந்து கேட்டார். 1840-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி கல்யாணம் நடந்தது.

கல்யாணப் பட்டு லண்டன் ஸ்பிட்டல்பீல்ட்சு தறியில் நெய்தது. வெளிநாட்டுப் பட்டு வேண்டாம், உள்ளூர் நெசவாளிக்கே வேலை போகட்டும் என்பது அப்போதே ராணியின் முடிவு.

கணவருக்கு ராஜா பட்டம் கிடையாது. பார்லிமெண்டு அவருக்கு 50 ஆயிரம் பவுன் வருட மானியம் கொடுக்க மறுத்து, 30 ஆயிரமாக வெட்டி விட்டது. "ராணியின் கணவர்" என்ற முறையில் தனிப் பட்டம் கிடைக்கவே 1857-ம் ஆண்டு ஆகி விட்டது.

ஆக, நிஜத்தில் அதிகாரம் மனைவியிடம். வேஷத்தில் மட்டும் கணவரிடம். நடன ராத்திரியில் அவர் 3-ம் எட்வர்டு மன்னர். அவரோ பிலிப்பா ராணி. இருவரும் 14-ம் நூற்றாண்டுக்காரர்கள்.

இந்த 3-ம் எட்வர்டு யார் தெரியுமா? 1331-ம் ஆண்டிலேயே பிளாண்டர்ஸ் நாட்டு நெசவாளிக்குப் பாதுகாப்புக் கடிதம் கொடுத்து, இங்கிலாந்தில் தறி போட வைத்தவர்!

பட்டினித் தெரு

ஸ்பிட்டல்பீல்ட்சு, லண்டனின் கிழக்குக் கோடி. பிரான்சு நாட்டில் மதக் கொடுமைக்குத் தப்பி 1685-ம் ஆண்டையொட்டி ஓடி வந்த புராட்டஸ்டண்டுகள் அங்கே பட்டுத்தறி போட்டார்கள். வீட்டு மாடியில் அகல அகலமான ஜன்னல்கள் வைத்தார்கள். தறிக்கு வெளிச்சம் வேண்டுமே!

கூண்டில் பாடும் பறவை வளர்ப்பதும், பூச்செடி வைப்பதும் அந்த நெசவாளிகளுக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. ஆனால் கோபம் வந்தால் சும்மா இருக்க மாட்டார்கள்.

இந்தியாவில் இருந்து, அதிலும் சோழமண்டலக் கரையில் இருந்து, கப்பல் கப்பலாகச் சீட்டித் துணி போய் இறங்கியது. லண்டன் பெண்கள் பட்டை விட்டு விட்டு சீட்டிக்கு மாறினார்கள். வந்தது வினை!

1719-ம் ஆண்டு நெசவாளிகள் கும்பல் கும்பலாகத் தெருவில் இறங்கி, சீட்டி உடுத்திய பெண்களின் துணியைக் கிழித்தார்கள். கலவரம் முற்றியது. 1721-ம் ஆண்டு சீட்டிக்குத் தடைச் சட்டமே வந்து விட்டது.

1773-ம் ஆண்டு வந்த இன்னொரு சட்டம், நெசவுக் கூலியை மாஜிஸ்திரேட்டுகள் நிர்ணயிக்க வழி செய்தது. முதலாளி இஷ்டத்துக்குக் கூலியைக் குறைக்க முடியாது. ஐம்பது வருடம் அந்தச் சட்டம் நெசவாளிக்குக் குடையாக நின்றது.

1824-ம் ஆண்டு சட்டத்தை எடுத்து விட்டார்கள். 1826-ம் ஆண்டு முதல், வரி கட்டினால் பிரெஞ்சுப் பட்டும் உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்தார்கள். ஒரு பக்கம் வெளிநாட்டுச் சரக்கு. மறு பக்கம் வெளியூர்த் தொழிற்சாலைகளின் விசைத்தறி. நடுவில் சிக்கி கைத்தறி நசுங்கியது.

பக்கத்துப் பேட்டையான பெத்னல் கிரீனில் குழந்தைச் சந்தை கூடியது. திங்கள், செவ்வாய்க்கிழமை காலைகளில் சின்னப் பையன்களும் பெண்களும் வரிசையாக நிற்பார்கள். ஒரு வார வேலைக்கு யார் கூப்பிட்டாலும் போக வேண்டியது!

வாசல் நிலையைப் பெயர்த்த மனு

நடன விருந்துக்குப் பத்து நாள் முன்பு, அதாவது மே 2-ந் தேதி, லண்டனில் வேறு ஒரு ஊர்வலம் நடந்தது.

ஆண்கள் அனைவருக்கும் ஓட்டுரிமை கேட்டுப் போராடிய சார்ட்டிஸ்டு இயக்கத்தினர், 33 லட்சம் கையெழுத்து வாங்கிய மனுவைத் தோளில் சுமந்து பார்லிமெண்டுக்கு வந்தார்கள். சுமந்தவர்களே 50 பேருக்கு மேல். மனு உள்ளே நுழையவில்லை. வாசல் நிலையைப் பெயர்த்துத்தான் பார்த்தார்கள்!

மனுவில் ஒரு கணக்கு இருந்தது. ராணியின் சொந்தச் செலவுக்கு ஒரு நாளைக்கு 164 பவுன் 17 ஷில்லிங் 10 பென்ஸ். ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களில் தலைக்கு ஒரு நாளைக்கு 3 முக்கால் பென்ஸ்.

ஒரு பவுனுக்கு அந்தக் காலத்தில் 240 பென்ஸ். கூட்டிக் கழித்துப் பார்த்தால், ராணியின் ஒரு நாள் பணம் 10 ஆயிரத்து 500 பேரின் ஒரு நாள் பிழைப்பு!

மனு என்ன ஆயிற்று? 287 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். ஆதரவு 49. தள்ளுபடி.

அதே ஆண்டுதான் பிரதமர் ராபர்ட் பீல், அமைதிக் காலத்திலேயே வருமான வரியைக் கொண்டு வந்தார். வருடத்துக்கு 150 பவுனுக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் பவுனுக்கு 7 பென்ஸ் கட்ட வேண்டும். வியாபாரிகள் முணுமுணுத்தார்கள்.

அப்போது ராணி ஒரு காரியம் செய்தார். சட்டப்படி கட்டத் தேவை இல்லாத அவர், தாமாகவே முன்வந்து தாமும் வரி கட்டுவதாகச் சொன்னார். ஊர் வாயை அடைக்க அது கொஞ்சம் உதவியது.

பட்டும் வெல்வெட்டும்

இந்தச் சூழ்நிலையில்தான் அரண்மனையில் வேஷ விருந்து.

உடை தைப்பது சாதாரண வேலையாக இருக்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் எட்வர்டு - பிலிப்பா கல்லறைகளின் மேல் இருக்கும் சிலைகளைப் பார்த்து, அதன்படி உடை தயாரித்தார்கள்.

மேற்பார்வை பார்த்தவர் ஜேம்ஸ் ராபின்சன் பிளாஞ்சே. இவர் நாடக ஆசிரியர். உடைகளின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதியவர். 1823-ம் ஆண்டு கோவண்ட் கார்டன் கொட்டகையில் "ஜான் மன்னர்" நாடகத்துக்கு, அந்தந்தக் காலத்து நிஜமான உடை எது என்று தேடிப் பிடித்துக் கொடுத்து அசத்தியவர். அதாவது அரண்மனை நடனத்துக்கு வேஷம் கட்டி விட்டதே ஒரு நாடகக்காரர்தான்!

பட்டு மட்டும் ஸ்பிட்டல்பீல்ட்சு தறியில் இருந்தே வந்தது.

அரியணை மண்டபத்தைப் பழைய கோதிக் பாணியில் மாற்றி அமைத்தார்கள். ராணியின் மார்பு அலங்காரத்தில் பதித்த நகை மட்டும் 60 ஆயிரம் பவுன் பெறும் என்று அந்த நாள் பத்திரிகைகள் எழுதின.

கேம்பிரிட்ஜ் சீமாட்டி, பிரிட்டானி நாட்டு ஆன் வேஷத்தில் ஒரு பெரிய ஊர்வலத்தை நடத்தி வந்தார். பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் என்று ஒவ்வொரு நாட்டு உடையிலும் ஒவ்வொரு கோஷ்டி வந்து, எட்வர்டு - பிலிப்பா முன் தலை வணங்கியது. பிறகு ஆட்டம், பாட்டு, விருந்து.

பிரபல ஓவியர் எட்வின் லேண்ட்சீர், அந்த வேஷத்திலேயே கணவன் மனைவியைப் படம் வரைந்தார். படம் முடிய நாலு வருடம் ஆயிற்று.

விருந்துக்காக ஆர்டர் குவிந்தது உண்மை. தையற்காரர், சரிகைக்காரர், செருப்புத் தைப்பவர், வண்டிக்காரர் எல்லாருக்கும் காசு பார்த்த வாரம் அது. அதே சமயம், ஊர் பட்டினியில் கிடக்கும்போது இப்படி ஒரு ஆடம்பரமா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

18-வது நாள்

மே 29-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. கோவிலுக்குப் போய் விட்டு ராணியும் ஆல்பர்ட்டும் வண்டியில் திரும்பினார்கள். கூட்டத்தில் நின்ற ஒரு வாலிபன் துப்பாக்கியை நீட்டினான். அது வெடிக்கவில்லை. ஆல்பர்ட் அவனைப் பார்த்து விட்டார். பிடிப்பதற்குள் ஆசாமி மாயம்.

வேறு யாராக இருந்தாலும் மறுநாள் கதவைச் சாத்திக் கொண்டு வீட்டில் இருந்திருப்பார்கள். இந்த ஜோடி அப்படிச் செய்யவில்லை.

மறுநாள் மாலை, வேண்டுமென்றே திறந்த வண்டியில் புறப்பட்டார்கள். அவன் திரும்பவும் வருவான், பிடித்து விடலாம் என்பது திட்டம். ராணிக்குத் துணையாக வழக்கமாக வரும் சீமாட்டியை அன்று அழைத்துப் போகவில்லை. அதிகாரிகள் குதிரையில் வண்டியை ஒட்டியே வந்தார்கள்.

எதிர்பார்த்தபடியே ஆசாமி வந்தான். கான்ஸ்டிட்யூஷன் ஹில் சாலையில், கிட்டத்தில் நின்று சுட்டான். யாருக்கும் காயம் இல்லை. பக்கத்தில் நின்ற டிரவுன்ஸ் என்ற போலீஸ்காரர் அவனை மடக்கிப் பிடித்தார்.

விசாரணையில் பெயர் ஜான் பிரான்சிஸ் என்று தெரிய வந்தது. வயது 20. புகையிலைக் கடை வைத்து நொடித்துப் போனவன்.

அவனுடைய தகப்பனார் யார் என்று விசாரித்ததில்தான் ஆச்சரியம். கோவண்ட் கார்டன் நாடகக் கொட்டகையில் மேடைத் தச்சர்! ராணி நாடகம் பார்க்கப் போகும் அதே கொட்டகையில், திரைக்குப் பின்னால் கட்டை அறுத்துப் பிழைத்த மனிதரின் மகன்.

கோர்ட்டில் மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அது ஆயுள் முழுக்க நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்து இரண்டே நாளில், ஜூலை 3-ந் தேதி, ஜான் பீன் என்ற இன்னொரு பையன் துப்பாக்கியை நீட்டினான். அதில் இருந்தது காகிதமும் புகையிலைத் தூளும்தான்.

1840-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி, ராணி முதல் குழந்தையை வயிற்றில் சுமந்திருந்தபோதும், எட்வர்டு ஆக்ஸ்போர்டு என்ற 18 வயது சாராயக் கடைப் பையன் அதே சாலையில் சுட்டிருக்கிறான். ஆக, இரண்டு வருடத்தில் மூன்று பேர்!

இதன் பிறகு புதுச் சட்டம் வந்தது. இப்படிப்பட்ட ஆசாமிகளைப் பெரிய தேசத் துரோகி ஆக்கிப் பெயர் வாங்கிக் கொடுக்காமல், சவுக்கடியும் ஏழு வருடம் வரை நாடு கடத்தலும் கொடுக்க வழி செய்தார்கள். லண்டன் போலீசில் தனித் துப்பறியும் பிரிவு தொடங்கியதும் இதே 1842-ம் ஆண்டுதான்.

சிங்கம் பார்த்த ராணி

விக்டோரியாவுக்குச் சின்ன வயதில் இருந்தே நாடகப் பித்து. சிறுமியாக இருந்தபோது அவரிடம் 132 மரப் பொம்மைகள் இருந்தன. அதில் 32 பொம்மைகளுக்கு அவரே கையால் உடை தைத்தார். பல பொம்மைகளுக்கு, மேடையில் பார்த்த நடன நடிகைகளின் உடை!

பட்டத்துக்கு வந்த பிறகு, 1839-ம் ஆண்டு தொடக்கத்தில், டுரூரி லேன் கொட்டகையில் வான் ஆம்பர்க் என்பவர் சிங்கங்களுடன் செய்த சாகசத்தைப் பார்க்க ஆறு வாரத்தில் ஏழு தடவை போனார். சிங்கத்துக்குத் தீனி போடுவதைப் பார்க்க மேடைக்கே ஏறி விட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு ஜோடியாகப் போனார்கள். ஆனால் அரண்மனைக்காரர்கள் இத்தாலி சங்கீத நாடகத்தையும் பிரெஞ்சு நாடகத்தையுமே கொண்டாடுகிறார்கள், உள்ளூர் நடிகனைக் கவனிப்பார் இல்லை என்று குறை எழுந்தது. அந்த நாளில் கவுரவமான குடும்பத்தினர் நாடகக் கொட்டகைக்குப் போவதையே யோசித்தார்கள்.

1848-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி முதல் விண்ட்சர் கோட்டையிலேயே மேடை போட்டார்கள். முதல் நாடகம் ஷேக்ஸ்பியரின் "வெனிஸ் வணிகன்". பொறுப்பேற்று நடத்தியவர் நடிகர் சார்லஸ் கீன். கிறிஸ்துமஸ் சமயத்தில் கோட்டை நாடகம் என்பது வழக்கமாகி விட்டது.

குழந்தைகளையும் அந்த ஆசை விடவில்லை. 1854-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி, அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்கு, பிள்ளைகள் நாலு பருவ காலங்களாக வேஷம் கட்டி நின்றார்கள். ரோஜர் பென்டன் என்ற புகைப்படக்காரர் அதைப் படம் எடுத்தார்.

கீழே விழுந்த சிறுமி

சார்லஸ் கீன் 1850 முதல் 1859 வரை லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் பிரின்சஸ் கொட்டகையை நடத்தினார். ராணியும் ஆல்பர்ட்டும் அங்கே வாடிக்கையாளர்கள் போலவே போய் வந்தார்கள்.

கீனுக்கு ஒரு பிடிவாதம். சரித்திர நாடகம் என்றால் உடை, வாள், வீடு, வண்டி எல்லாம் அந்தக் காலத்துப்படி இருக்க வேண்டும். நோட்டீசிலேயே பக்கம் பக்கமாக விளக்கம் அச்சடிப்பார்.

1856-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி அங்கே ஷேக்ஸ்பியரின் "குளிர்காலக் கதை" முதல் நாள். ராணியும் ஆல்பர்ட்டும் மூத்த மகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

குட்டி இளவரசன் வேஷம் போட்ட சிறுமிக்கு வயது 9. கையில் ஒரு பொம்மை வண்டி. அதை இழுத்துக் கொண்டு ஓடி வந்த வேகத்தில் கால் தடுக்கி, ராணி கண் முன்னே மல்லாக்க விழுந்து விட்டாள். கொட்டகை சிரித்தது. சிறுமிக்கு அவமானம் தாங்கவில்லை.

ஆனால் நாடகம் 102 இரவு ஓடியது. அந்தச் சிறுமியின் பெயர் எல்லன் டெர்ரி. பிற்காலத்தில் இங்கிலாந்தின் நம்பர் ஒன் நடிகை ஆனவர் அவர்தான்!

"வர முடியாது!"

1857-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி இன்னொரு சம்பவம்.

எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ், காலமான நண்பர் டக்ளஸ் ஜெரால்டின் குடும்பத்துக்கு நிதி திரட்ட நாடகம் போட்டார். ராணிக்காகத் தனியாக ஒரு காட்சி நடந்தது. டிக்கன்சும் நடித்தார். முதலில் சோக நாடகம். கடைசியில் சிரிப்பு நாடகம்.

சோக நாடகத்தில் சொக்கிப் போன ராணி, டிக்கன்சைப் பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார். அவரோ அதற்குள் சிரிப்பு நாடகத்துக்கு வேஷம் மாற்றி விட்டார். இந்தக் கோமாளி உடையில் வர முடியாது என்று சொல்லி அனுப்பினார். ராணி மறுபடியும் ஆள் அனுப்பினார். மறுபடியும் அதே பதில்!

ராணி பொழுதுபோக்குக்கு வேஷம் போடலாம். போட்டுக் கொண்டு ஊரைக் கூப்பிட்டுக் காட்டலாம். மேடையில் நடிப்பவனுக்கு, அந்த வேஷத்தோடு ராணி முன் நிற்பது கவுரவக் குறைச்சல். நடிப்புத் தொழிலுக்கு அன்று இருந்த மரியாதை அவ்வளவுதான்.

காசியில் நெய்த சரிகை

1842-ல் தொடங்கிய வேஷ விருந்து அதோடு முடியவில்லை.

இரண்டாவது விருந்து 1845-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி. நூறு வருடம் முந்தைய காலத்து உடை. ஆணும் பெண்ணும் தலையில் வெள்ளை மாவு பூசிக் கொண்டு வந்து, பழைய மினுவே நடனம் ஆடினார்கள். விருந்தாளிகள் சுமார் 1,200 பேர். அந்த வருடக் கடைசியில்தான் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் ஆரம்பித்தது.

மூன்றாவது விருந்து 1851-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி. ஹைடு பார்க்கில் ஆல்பர்ட் முன்நின்று நடத்திய உலகப் பொருட்காட்சி கோலாகலமாக நடந்து கொண்டிருந்த சமயம். இந்த முறை 2-ம் சார்லஸ் மன்னர் காலத்து உடை. பின்னாளில் நாலு தடவை பிரதமர் ஆன கிளாட்ஸ்டன், பழைய காலத்து நீதிபதி வேஷத்தில் வந்தார்.

ராணியின் உடையை வரைந்து கொடுத்தவர் யூஜின் லாமி என்ற பிரெஞ்சு ஓவியர். உடையில் வைத்த சரிகைப் பட்டு எங்கே நெய்தது தெரியுமா? இந்தியாவில், காசியில்!

நூற்று முப்பது வருடத்துக்கு முன்பு இந்தியத் துணியைக் கண்டால் கிழித்தது லண்டன் தெரு. அதே ஊரில் ராணியின் இடுப்பில் காசிச் சரிகை மின்னியது.

பிரம்படியும் கைதட்டலும்

இதற்கு ஒரு வருடம் முன்பு, 1850-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி, ராணி அடி வாங்கினார்.

சாகும் தறுவாயில் இருந்த சித்தப்பா கேம்பிரிட்ஜ் பிரபுவைப் பார்த்து விட்டு ராணி வண்டியில் வெளியே வந்தார். வாசலில் நின்ற ராபர்ட் பேட் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி, கைப்பிரம்பால் ராணியின் தலையில் ஓங்கி அடித்தான். தொப்பி நசுங்கியது. நெற்றி வீங்கியது.

அன்று இரவு கோவண்ட் கார்டனில் சங்கீத நாடகம் பார்க்க ஏற்கெனவே ஏற்பாடாகி இருந்தது. ராணி அதை ரத்து செய்யவில்லை. வீங்கிய நெற்றியோடு கொட்டகைக்கு வந்து நின்றார். கூட்டம் எழுந்து ஆரவாரம் செய்தது.

பேட்டுக்கு ஏழு வருடம் நாடு கடத்தல். 1842-ல் வந்த அதே சட்டப்படி!

கொட்டகைக்குப் போவது இந்த ஜோடிக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பது இதில் தெரிகிறது. ஜனங்கள் முன்னால் போய் நிற்பதே உத்தியோகத்தில் பாதி.

விளக்கு அணைந்தது

1861-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி ஆல்பர்ட் விண்ட்சர் கோட்டையில் காலமானார். வயது 42. ஒன்பது பிள்ளைகள்.

விக்டோரியா கறுப்பு உடுத்தினார். அதைக் கடைசி வரை மாற்றவே இல்லை. இறந்தவரின் அறையில் தினமும் மாலை உடையை எடுத்து வைக்க வேண்டும், வெந்நீர் கொண்டு வைக்க வேண்டும் என்று உத்தரவு.

வேஷ நடனம் இல்லை. கோட்டை நாடகம் இல்லை. லண்டன் கொட்டகை எதிலும் அதன் பிறகு ராணி காலடி வைக்கவே இல்லை.

முதலில் ஜனங்கள் இரக்கப்பட்டார்கள். வருடம் ஓட ஓட முணுமுணுப்பு கிளம்பியது. 1864-ம் ஆண்டு பக்கிங்காம் அரண்மனைக் கம்பி வேலியில், இந்தக் கட்டிடம் வாடகைக்கு அல்லது விற்பனைக்கு என்று யாரோ குறும்பர்கள் நோட்டீஸ் ஒட்டி விட்டதாகச் சொல்லப்படுகிறது.

1871-ம் ஆண்டு, ராணி வாங்கும் பணத்தை என்ன செய்கிறார் என்று கேட்டுத் துண்டுப் புத்தகமே வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் சார்லஸ் டில்க் என்ற பார்லிமெண்டு உறுப்பினர், அரண்மனைச் செலவை மேடை போட்டுக் கேட்டார். ராணியே வேண்டாம், குடியரசு போதும் என்ற பேச்சும் எழுந்தது.

ஆடியபோது, ஏன் இந்த ஆட்டம் என்று கேட்டது ஊர். ஆடாமல் உள்ளே உட்கார்ந்தபோது, எதற்குச் சம்பளம் என்று கேட்டது!

இருபது வருடம் கழித்து, 1881-ம் ஆண்டு அக்டோபரில், மூத்த மகன் எட்வர்டு ஏற்பாடு செய்து ஸ்காட்லாந்தில் அபெர்கெல்டி கோட்டைக்கு ஒரு நாடகக் கம்பெனியை வரவழைத்தார். அம்மா வந்து பார்த்தார், சிரித்தார். அதன் பிறகு கோட்டைக்குள் நாடகம் மெல்லத் திரும்பியது.

1893-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி விண்ட்சரில் "பெக்கெட்" நாடகம். ஹென்றி இர்விங்குடன் நடித்தவர் எல்லன் டெர்ரி. 37 வருடத்துக்கு முன்பு ராணி முன் தடுக்கி விழுந்த அதே சிறுமி! அன்று ராணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் இல்லை.

1895-ம் ஆண்டு இர்விங்குக்கு ராணி "சர்" பட்டம் கொடுத்தார். ஒரு நடிகருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. வேஷத்தோடு ராணி முன்னால் வரக் கூச்சப்பட்ட டிக்கன்ஸ் காலத்தில் இருந்து நடிப்புத் தொழில் அவ்வளவு தூரம் ஏறி வந்து விட்டது.

1901-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி விக்டோரியா காலமானார்.

நெசவாளி கணக்கு

சரி, நெசவாளி என்ன ஆனான்?

ஒன்பது வருடத்தில் மூன்று வேஷ விருந்து. ஒவ்வொன்றுக்கும் ஆர்டர் வந்தது, தறி ஓடியது. விருந்து முடிந்ததும் தறி நின்றது. பணக்காரர்கள் வருடம் முழுக்க உடுத்துவது எந்தப் பட்டு என்பதுதான் விஷயம். அது பிரெஞ்சுப் பட்டாகத்தான் இருந்தது.

1860-ம் ஆண்டு இங்கிலாந்தும் பிரான்சும் வியாபார ஒப்பந்தம் செய்தன. பிரெஞ்சுப் பட்டுக்கு இருந்த வரி அடியோடு போயிற்று. ஸ்பிட்டல்பீல்ட்சு தறிக்கு அதுதான் மரண அடி. அந்த வருட நிதி மந்திரி வேறு யாரும் இல்லை. 1851 விருந்துக்கு நீதிபதி வேஷம் கட்டி வந்த அதே கிளாட்ஸ்டன்தான்!

நடிகனுக்கு ராணியின் தயவு உதவியது. வருடா வருடம் மேடை கிடைத்தது. கொட்டகைக்குக் கவுரவம் வந்தது. கடைசியில் பட்டமும் வந்தது. நெசவாளிக்கோ கிடைத்தது மூன்று ராத்திரி. கூலிக்குக் காவலாக இருந்த சட்டத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

லேண்ட்சீர் வரைந்த எட்வர்டு - பிலிப்பா படமும், காசிச் சரிகை வைத்த 1851-ம் ஆண்டு உடையும் இன்றும் அரச குடும்பத்தின் சேகரிப்பில் பத்திரமாக இருக்கின்றன.

ஸ்பிட்டல்பீல்ட்சில் நெசவாளிகள் கட்டிய பழைய வீடுகளும், மாடியில் அந்த அகல ஜன்னல்களும் இன்றும் நிற்கின்றன. உள்ளே தறி கிடையாது.